துடிக்குதோ என்று கேட்டேன்

நான் மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியர். காலில் வெட்டுவதென்றால் எப்போதும் ஆளை நித்திரையாக்கத்தான் வேண்டும் என்றில்லை. காலுக்குப் போகிற நரம்பைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் மருந்தை விட்டால் அந்தக் கால் மட்டும் சில மணிநேரம் விறைத்துக் கிடக்கும். ஆள் விழித்திருக்கலாம், நம்மோடு கதைக்கலாம். சிக்கல் என்னவென்றால் நரம்பு வெளியில் தெரிவதில்லை. அதைத் தேட மூன்று வழிகள் இருக்கின்றன.

எனக்குப் படிப்பித்தவர்கள் விரலால் எலும்பைத் தொட்டு அளந்து, இங்கேதான் இருக்க வேண்டும் என்று குத்தினார்கள். அதற்குப் பிறகு வந்தது மின்சாரம். ஊசி நுனியில் கொஞ்சம் மின்சாரம் விட்டுக்கொண்டே உள்ளே போனால், நரம்புக்குக் கிட்டப் போனதும் பாதம் தானாக வெட்டி வெட்டி ஆடும். மின்சாரத்தை நன்றாகக் குறைத்த பிறகும் ஆடினால் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது, மருந்தை விடலாம். இப்போது ஸ்கான் வந்துவிட்டது. திரையில் நரம்பையும் ஊசியையும் பார்த்தபடியே குத்தலாம். இந்த மூன்றில் எது சிறந்தது என்று குளிரூட்டிய மண்டபங்களில் மணிக்கணக்காக விவாதிப்பார்கள். நான் வேலை செய்கிற வன்னியில் அன்றைக்கு எது வேலை செய்கிறதோ அதுதான் சிறந்தது.

நான் சொல்லப்போகிற நாளில் ஸ்கான் வேலை செய்யவில்லை. மெஷின் மூலையில் துணி போர்த்தி நின்றது. உடம்பில் வைக்கிற அதன் தலை மட்டும் திருத்துவதற்குக் கொழும்புக்குப் போயிருந்தது. போய் மாதக்கணக்காகிவிட்டது. கடிதம் எழுதினேன். படிவத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று பதில் வந்தது. கையெழுத்து வைத்து அனுப்பினேன். படிவமே பழையது, புதியதை நிரப்பி அனுப்பவும் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சாப்பாடு இறங்காது. அந்த மாதங்களில் நான் மெலிந்துபோனேன்.

அப்போதுதான் ஒரு அம்மா நெடுங்கேணிக்கு அங்கால் உள்ள ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சண்டையின் கடைசி மாதங்களில் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதுகிலும் சில இரும்புத் துண்டுகள் தங்கிவிட்டன. பொய்க்கால் போட்டுக்கொண்டு தோட்டம் செய்து ஒரே மகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போயிருக்கிறார். பழைய பொய்க்கால் உரசி, மிஞ்சியிருந்த காலின் நுனித்தோல் வெடித்து, உள்ளே எலும்பு முனை துருத்திக்கொண்டு நின்றது. எலும்பைக் குறைத்துத் தைக்காவிட்டால் சீழ் மேலே ஏறி முழங்காலையும் எடுக்க வேண்டி வரும் என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். முழங்கால் போனால் தோட்டத்தை அவர் மறக்க வேண்டியதுதான்.

முதுகில் ஊசி போடலாமென்றால் அங்கே இரும்பும் தழும்பும். முழு மயக்கம் கொடுக்கலாமென்றால் இருதயத்தின் ஒரு வால்வு இறுகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன்.

"அம்மா, உங்கட இருதயம் இருக்கிற நிலையில முழுசா மயக்கினா எழும்புறது நிச்சயமில்லை. அதால காலை மட்டும் விறைக்கப் போடுறன். நோகாது."

"நான் எழும்புவன்தானே டொக்டர்? மகள் தனிய இருக்கிறாள்."

"நீங்கள் நித்திரையே கொள்ளமாட்டீங்கள். பயப்பிடாதேங்கோ."

அடுத்த நாள் காலை ஒப்பரேஷன் தியேட்டரில் தொடைப்பக்கத்து நரம்பை மின்சாரத்தால் தேடினேன். ஊசி கிட்டப் போனதும் முழங்கால் சில்லு துள்ளியது. மருந்தை விட்டேன். காலின் உள்பக்கம் அதோடு விறைக்கும். முக்கியமான நரம்பு முழங்காலுக்குப் பின்னால் வருகிறது. எலும்பும் வெளிப்பக்கமும் அதன் பொறுப்பு. அது அகப்பட்டால் பாதம் ஆட வேண்டும். அவருக்குப் பாதம் இல்லை. மிஞ்சியிருந்த தசையும் வெறும் தழும்பாக இறுகிக் கிடந்தது. மின்சாரத்தைக் கூட்டினேன், ஒன்றும் அசையவில்லை.

இதற்கு ஒரு வழி இருப்பதை நான் வாசித்திருந்தேன். கால் போனவர்களுக்கு இல்லாத பாதம் இருப்பது போலவே தோன்றும். நரம்பில் மின்சாரம் பட்டால் அந்த இல்லாத பாதம் ஆடுவதாக அவர்களே உணர்வார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, அவர்களைத்தான் கேட்க வேண்டும். வாசித்ததைச் செய்து பார்க்கச் சந்தர்ப்பம் வந்துவிட்டதென்று எனக்கு உள்ளூர ஒரு புளுகம், ஒரு துள்ளல். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, இல்லாத பாதம் இப்ப துடிக்குதோ?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட முகம். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதைப் போல இருந்தது.

"ஓம் டொக்டர். துடிக்குது."

மின்சாரத்தைக் குறைத்தேன். "இப்பவும் துடிக்குதோ?"

"ஓம். துடிக்குது."

இன்னும் குறைத்தேன். அப்போதும் ஓம் என்றார். மருந்து முழுவதையும் விட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, ஐஸ்கட்டியைக் காலின் நுனியில் வைத்துக் குளிருதோ என்று கேட்டேன். இல்லை என்றார். நான் வைத்தது தழும்பின் மேல். அந்தத் தோலுக்குக் குளிர் தெரியாமல் போய் எத்தனையோ வருடங்கள் என்பதை யோசிக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

வெட்டத் தொடங்கியதும் நாடித்துடிப்பு ஏறியது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. "என்னம்மா, பயமோ?" என்று குனிந்து கேட்டேன். ஓம் என்றார். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. பக்கத்தில் நின்ற தாதி துடைத்துவிட்டு அவரது கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பை அராவுகிற சத்தம் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முனகல் வரவில்லை, கால் அசையவில்லை. முடிந்ததும் சத்திரசிகிச்சை வைத்தியர் "நல்லா வேலை செய்திருக்கு" என்று என் தோளில் தட்டினார். தாதி தன் கையை விரித்து விரித்து மூடினார்.

"சரியா இறுக்கிப் பிடிச்சவா டொக்டர்."

"பயம்தான் மிஸ்" என்றேன்.

அவர் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். நான் குறிப்பேட்டில் ஊசி முழுமையாக வேலை செய்தது என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

சில வாரங்களில் கொழும்பில் வைத்தியர்களின் கூட்டம் ஒன்று. நரம்பைத் தேடும் மூன்று முறைகளையும் ஒப்பிட்டுப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கானுக்காகக் காத்திருக்க முடியாத இடங்களிலும் வேலை நடக்கிறது என்று காட்ட எனக்கு ஆசை. எங்கள் பக்கம் என்றாலே இரக்கப்பட்டுப் பார்க்கிறவர்களுக்கு முன்னால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்று இருந்தது. கடைசிப் படமாக அந்த அம்மாவின் காலைப் போட்டு, இல்லாத பாதமே எனக்கு வழிகாட்டியது என்று சொன்னேன். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பி, அந்த அசைவு எப்படி இருந்ததென்று நோயாளி விவரித்தாரா, அது அரிய விடயம், எழுதி வெளியிட வேண்டும் என்றார். அடுத்த முறை காணும்போது கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

புதிய பொய்க்காலுக்கு அளவெடுக்க அவர் கிளினிக்குக்கு வந்தார். காயம் அழகாக ஆறியிருந்தது. முழங்கால் தப்பிவிட்டது. நான் பேனையும் தாளும் எடுத்துக்கொண்டு முன்னால் இருந்தேன்.

"அண்டைக்கு ஊசி போடேக்க பாதம் துடிக்குது எண்டு சொன்னனீங்கள். அது எப்பிடி இருந்தது? மேல கீழ ஆடின மாதிரியோ, உள்ளுக்குத் திரும்பின மாதிரியோ?"

"ஆடுறதோ? இல்லாத பாதம் எப்பிடி டொக்டர் ஆடும்?"

"அப்ப என்ன துடிச்சது?"

"நோவுதான். பெருவிரலில துடங்கிக் கரண்டைக்கால் மட்டும் விண் விண் எண்டு துடிக்கும். கால் போன நாள் துடக்கம் அப்பிடித்தான். இப்பவும் துடிக்குது. நீங்கள் கேட்டவுடனை எனக்கு அழுகை வரப் பாத்தது. இத்தினை வருசத்தில ஒரு டொக்டரும் என்னட்ட அதைக் கேட்டதில்லை."

பேனையை மூடி வைத்தேன். நாங்கள் வைத்தியத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, நோயாளியின் முன்னால் நின்றபடி அவசரமாகத் தமிழாக்குகிறவர்கள். தசை வெட்டி இழுப்பதற்கு நான் துடிப்பு என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். தமிழில் மனிதர் வலியிலும் துடிக்கிறார்கள் என்பது தமிழிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மறந்துபோனது. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குத் துடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் ஊசியைக் கட்டில் மெத்தையில் குத்திவிட்டுக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்.

"வெட்டேக்க நொந்ததோ அம்மா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே மகள் மர வாங்கில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"உள்பக்கம் தெரியேல்லை" என்றார் குரலைத் தாழ்த்தி. "மற்றப் பக்கம் எல்லாம் தெரிஞ்சது. எலும்பை அராவேக்க நோவு உச்சி வரைக்கும் ஏறினது."

"ஏனம்மா சொல்லேல்லை? நான் பக்கத்தில நிண்டனான்தானே!" சத்தம் போட்டுவிட்டேன். யாரில் கோபப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நோகுது எண்டு சொன்னா மயக்கிப்போடுவீங்கள். மயக்கினா எழும்பமாட்டன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்திட்டன்."

ஸ்கானின் தலை இருந்திருந்தால் நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கத் தேவையில்லை, நரம்பைக் கண்ணால் கண்டிருப்பேன். அந்தக் கையெழுத்துக்காரர்களைத் திட்டிக்கொண்டே என்னைத் தேற்றிக்கொள்ளலாம். சில நாட்கள் அப்படித் தேற்றியும் பார்த்தேன். ஆனால் நாடி ஏறியதைக் கண்டது நான். கண்ணீரைப் பயம் என்று முடிவு கட்டியது நான். நோகுதோ என்று ஒரு சொல் கேட்காமல், பயமோ என்று கேட்டு, பதிலையும் நானே அவர் வாயில் வைத்தேன். எனக்கு என்மேலே அருவருப்பு வந்தது.

அன்று மாலையே கூட்டம் நடத்தியவர்களுக்கு, நான் சொன்னது பிழை, அந்த ஊசி வேலை செய்யவில்லை என்று எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது. அவ்வளவுதான். குறிப்பேட்டிலும் திருத்தி எழுதினேன். அதை ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. கிளினிக்கில் அந்த நேரம் நான் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். கதிரையின் நுனிக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ டொக்டர்? என்னால உங்களுக்கு ஏதும் கரைச்சல் வந்ததோ?"

"இல்லையம்மா" என்றேன். "எனக்கு ஒரு கரைச்சலும் வரேல்லை."

அது முழு உண்மை. அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.