முதலிடத்துக் கட்டுரை

நாட்டின் மருந்தியல் ஆய்வுகளை எண்ணுவது அவள் வேலை. வருடத்துக்கு எத்தனை கட்டுரைகள் வந்தன, அவற்றை உலகத்து ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போட்டு ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கொடுப்பாள். கட்டுரைகளைப் படிக்கும் வழக்கம் அந்தப் பிரிவில் யாருக்கும் இல்லை. படிக்க உட்கார்ந்தால் எண்ணி முடியுமா? அலுவலகத்தில் அவளுக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். அவளும் கேட்டுச் சிரித்துக்கொள்வாள்.

இந்த முறை பட்டியலில் முதலிடம் அவள் கணவனுக்கு. சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு வலி மருந்தை எந்த அளவில் கொடுக்கலாம் என்று அவன் எழுதிய கட்டுரை. கழகத்தின் விருது அவனுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மேற்கோள் காட்டினவங்க என்ன பாராட்டியிருக்காங்கன்னு ரெண்டு வரி எடுத்துப் போடும்மா. சாயங்காலம் அறிக்கை அச்சுக்குப் போகணும்," என்றார் இயக்குநர்.

மேற்கோள் காட்டியிருந்த கட்டுரைகளை ஆசையாய்த் திறந்தாள். அவன் சொன்ன அளவு ஆபத்தானது என்றது முதல் கட்டுரை. யாரோ வயிற்றெரிச்சலில் எழுதியது என்று தள்ளினாள். ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்காதா என்று அடுத்தடுத்துப் பார்த்தாள். அந்த அளவை நம்பிக் கொடுத்ததால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் விவரம்தான் கிடைத்தது. உலகமே அவனை மேற்கோள் காட்டியிருந்தது, மற்றவர்களை எச்சரிப்பதற்காக. பாழாய்ப்போன எண்ணிக்கைக்குப் புகழ்ச்சியும் ஏச்சும் ஒன்றுதான்.

அவன் ஆய்வுக்கூடம் அதே கட்டடத்தின் மாடியில் இருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்காது, தெரிந்தால் துடித்துப்போவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படியேறினாள்.

"என்னங்க, உங்க கட்டுரையைப் பத்தி மத்தவங்க எழுதினதைப் பார்த்தீங்களா?"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"நீ எதுக்கு அதையெல்லாம் படிச்சே? எண்ணுறதுதானே உன் வேலை?"

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"திருத்தம் அனுப்பத்தான் போறேன். விருது கைக்கு வரட்டும். இப்ப வெளியே தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"அதுவரைக்கும் அந்த மருந்தைச் சாப்பிடுறவங்க?"

இத்தனை வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷன் யாரோபோல் நின்றான். அவளுக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கீழே இயக்குநர் அவள் மேசைக்கருகிலேயே நின்றிருந்தார். "ஆச்சாம்மா?"

அவள் உட்கார்ந்து, கணவனின் பெயருக்கு அடியில் தட்டினாள்: 'இந்த மருந்தளவு நோயாளிகளுக்குத் தீங்கு செய்தது என்பதற்காகவே இக்கட்டுரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. யாரும் பின்பற்ற வேண்டாம்.'

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இது உன் வீட்டுக்காரரோட கட்டுரையாச்சேம்மா!"

"ஆமா சார்," என்று சொல்லி அறிக்கையை அச்சுக்கு அனுப்பினாள். "வேற யாரோடதா இருந்தா இவ்வளவு தூரம் படிச்சிருக்க மாட்டேன்."