சொல்லாமல் ராஜாவைப் பிடிக்கக் கூடாது

கணவர் போய்ச் சேர்ந்தபிறகு சதுரங்கப் பலகையை நான் வெளியே எடுப்பதில்லை. பேரப்பிள்ளைகள் வாயே திறக்காமல் போனில் ஆடுகிறார்கள். அது என்ன விளையாட்டோ! எனக்கு அவர் குரலில் அந்தக் காய்களின் பெயர்களைக் கேட்கவேண்டும்போல் கிடக்கிறது.

அவர் கொழும்பு மலாய் முஸ்லிம், ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த சிப்பாய்களின் வம்சம். தலைமன்னாரில் ரெயில்வே வேலை. ராமேஸ்வரம் கப்பல் போனதும் வீட்டுக்கு வந்து பலகையை விரிப்பார். நான் கோட்டை என்பதை அவர் ‘தீர்’ என்பார்.

“இஞ்சாருங்கோ, அது எங்கட தேரெல்லோ? எப்ப களவெடுத்தனீங்கள்?”

“உங்கட ஆக்கள்தான் கப்பலில ஜாவாவுக்குக் கொண்டந்து தந்தவை. நாங்கள் திருப்பித் தந்திட்டம்.”

ராஜாவும் மந்திரியும் அவர்களிடமும் அதே பெயரில்தான். ராஜாவைத் தாக்கும்போது சொல்லும் ‘ஸ்காக்’ மட்டும் ஒல்லாந்தருடையது. ஆபீசுக்கு நாங்கள் சொல்லும் ‘கந்தோர்’ வந்த கப்பலிலேயே வந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் காயைத் திருப்பி வைக்கவேண்டும். அது அவருடைய தகப்பன் வைத்த சட்டம்.

அந்தத் தகப்பன்தான் இவரோடு பேசுவதில்லை. வேதக்காரியான என்னை மாதா கோயிலில் கட்டிய நாளிலிருந்து, மகனோடு ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார். “நீங்களாவது போய்ப் பேசுங்கோவன்” என்று நச்சரிப்பேன். இவர் ஒரு காயைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை மெயில் ரெயிலில் அந்தத் தகப்பன், என் மாமா, வந்து இறங்கினார். எங்கள் பிள்ளையைப் பார்க்கவாம். அதையும் எனக்குத்தான் சொன்னார். தேத்தண்ணி குடித்தார். பலகையைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இவர் ஓடிவந்து எதிரே இருந்தார்.

மாமா விளையாட்டில் வலு கெட்டிக்காரர். ஆனால் ராஜாவைத் தாக்க வசதி வந்தபோதெல்லாம் வேறு காயை நகர்த்தினார். வாய் திறக்கவேண்டி வருமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரோ ராஜாவை வேண்டுமென்றே திறந்து திறந்து விட்டார். மந்திரியைக் கொடுத்தார், இரண்டு குதிரைகளையும் கொடுத்தார். கடைசியில் மாமா தன் தீரைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு நகர்த்தினார்.

“ஸ்காக்” என்றார், பலகையைப் பார்த்தபடி.

இவர் அசையவில்லை. எறும்பு ஊர்ந்தாலும் கேட்கிற காது இவருக்கு. “கேட்கேல்லை பாபா, இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்று தங்கள் மொழியில் கேட்டார்.

மாமா நிமிர்ந்து மகனின் முகத்தைப் பார்த்து, இன்னொருக்காச் சொன்னார்.