கிணற்றில் இறங்க ஒரு பெல்ட்

கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் ரிப்பேர் பார்க்கிற தொழிலில், கை தவறி விழுந்த சாமானைக் குனிந்து எடுக்க முடியாது. கம்பத்திலும் மொட்டை மாடியிலும் தென்னை மரத்திலும் ஏறி வேலை பார்க்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கை பைப்பைப் பிடித்திருக்கும், இன்னொரு கை போல்ட்டைப் பிடித்திருக்கும், ஸ்பேனரைப் பிடிக்கக் கை இருக்காது. தொண்ணூறுகளில் தாராபுரத்தைச் சுற்றித் தோட்டம் தோட்டமாக மொபெட்டில் அலைந்த காலத்தில், சாமான்களை இடுப்பில் கட்டிக்கொள்ள உருப்படியான ஒரு பெல்ட் தேடி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

சட்டைப் பாக்கெட்

ஆரம்பத்தில் பெல்ட்டாவது ஒன்றாவது என்றுதான் இருந்தேன். ஸ்பேனர் சட்டைப் பாக்கெட்டில், ஸ்க்ரூ டிரைவர் வாயில். ஒரு தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். பாதிக் கிணறு இறங்கி, மோட்டார் உட்கார்ந்திருந்த திட்டுக்கு வந்து குனிந்தேன். புது ரிங் ஸ்பேனர் பாக்கெட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போய் 'குளுக்' என்றது.

மேலே ஏறி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். தோட்டத்துக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஆறுதலாகப் பார்த்தார்.

"கவலப்படாதீங்க தம்பி. கெணறு வத்துச்சுன்னா மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்லி உடுவேன். ஆனா வத்தக் கூடாதுன்னுதான் நான் சாமியக் கும்புட்டுட்டு இருக்கறனுங்க."

துண்டு

அடுத்தது துண்டு. லுங்கியின் மேல் துண்டை இறுக்கிச் சுற்றி, அதில் கட்டிங் பிளேயர், டெஸ்டர், பைப் ரெஞ்சு எல்லாம் செருகிக்கொண்டேன். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏறும்போதுதான், ஒவ்வொரு கல்படிக்கும் ரெஞ்சின் கனம் துண்டை இழுக்க, துண்டு லுங்கியை இழுக்க ஆரம்பித்தது. கிணற்று மேட்டுக்குத் தலையை நீட்டியபோது லுங்கி முழங்காலில் இருந்தது. நல்லவேளை, உள்ளே டவுசர் போட்டிருந்தேன். பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்:

"ஏனுங்க மெக்கானிக்கண்ணா, இனி மேல வாரப்ப ஒரு சத்தங் குடுங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்."

காந்திபுரத்துப் பளபளப்பு

இனிமேல் பெல்ட் இல்லாமல் இறங்குவதில்லை என்று பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். காந்திபுரத்தில் ஒரு கடை வாசலில் சாமான் பெல்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நிறம், பளபளவென்று பக்கிள், ஆறேழு பை. கையில் வாங்கியதும் கனமாக இருந்தது. கனமாக இருந்தால் கெட்டி என்று நினைக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு.

இரண்டாவது வாரம் ஒரு கிணற்றில் பைப் இணைப்பு விட்டுப்போய் இடுப்பெல்லாம் தண்ணீர் அடித்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால் பெல்ட் பப்படம் மாதிரி உப்பியிருந்தது. மேலே ரெக்சின், உள்ளே அட்டை. அடுத்த முறை டவுனுக்குப் போனபோது அதைக் கடைக்காரரிடமே காட்டினேன். கோபமே படாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெணத்துக்குள்ள எறங்கறதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. நனையாம வெச்சிருந்தா உங்க பையன் காலத்துக்கும் வருமுங்க இது."

அசல் தோல்

கடைசியில் அந்தக் கடைக்காரரே நல்ல தோல் பெல்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது அசல்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நனைந்து காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். அதனால் தேங்காய் எண்ணெய் தடவி வாசல் கொடியில் தொங்கவிட்டேன். விடிந்து பார்த்தால் பக்கிள் மட்டும் கிடந்தது. எங்கள் வீட்டு நாய் சற்றுத் தள்ளி, திருப்தியாகப் படுத்திருந்தது. என் மனைவி சரசு பக்கிளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, நாய்க்குன்னு வாங்கியாந்தத இத்தன நாளா நீங்க எதுக்குங்க கட்டிட்டு இருந்தீங்க?"

சீட் கவர் கடை

என் மொபெட்டுக்கு சீட் கவர் தைத்துக் கொடுத்தவர் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த ஜபார் பாய். என்னைவிட வயதில் இளையவர். அவர் தைத்த கவர் வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் போனதே தவிர, ஒரு தையல் விடவில்லை. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் பெல்ட்டின் கனத்தைப் பார்த்தேன், பக்கிளைப் பார்த்தேன், தையலைப் பார்க்கவே இல்லை.

பஞ்சு மில்லில் மிஷினை ஓட்டிக் கழித்துப்போட்ட கேன்வாஸ் பெல்ட்டில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். பாய் இதுவரை மனிதனுக்கு எதுவும் தைத்ததில்லை என்று தயங்கினார். பிறகு நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு, சாமான் செருக வளையங்களும் சின்னப் பைகளும் வைத்து, பைகளின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் போட்டார். கட்டிக்கொண்டு கடையிலேயே குந்தினேன். ஸ்பேனர் எல்லாம் வயிற்றில் குத்தின. எல்லா வளையத்தையும் முன்பக்கமே வைத்துவிட்டார்! பிரித்துப் பக்கவாட்டில் வைத்தார். நடந்து பார்த்தேன், ரெஞ்சு தொடையில் இடித்தது. மறுபடியும் பிரித்தார். ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தேன், சாமானுக்குக் கை எட்டவில்லை. மறுபடியும் பிரித்தார். மூன்றாவது முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானுங்க நான் சீட் கவரோட நின்னுக்கிட்டேன். வண்டி வாயத் தொறந்து அங்க குத்துது, இங்க இடிக்குதுன்னு சொல்லாதுங்க."

ருக்குமணி அக்கா கிணறு

வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் பக்கம் கிணறுகளில் ஊற்று மளமளவென்று ஏறும். கீழே திட்டில் இருக்கிற மோட்டாரை அதற்குள் மேலே தூக்காவிட்டால் முழுகிப்போகும்; அப்புறம் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை, அதாவது காயிலை, புதிதாகக் கட்ட வேண்டும். ருக்குமணி அக்கா தனியாகக் காடுதோட்டம் பார்க்கிறவர். அவருக்கு இருந்தது அந்த ஒரே மோட்டார். வெங்காயம் காய் பிடிக்கிற பருவம். ஆள் அனுப்பியிருந்தார். நான் போனபோது தண்ணீர் திட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பாய் தைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேலே அக்காவின் தம்பியும் இரண்டு ஆட்களும் மோட்டாரைத் தூக்கக் கயிற்றோடு நின்றார்கள்.

மூன்று போல்ட் கழன்றது. நான்காவது துருப்பிடித்து அசையவில்லை. தண்ணீர் திட்டைத் தொட்டுவிட்டது. பாசிப்படியில் நின்று ரெஞ்சைப் போட்டு உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தேன். போல்ட் சட்டென்று விட்டது. நான் பின்பக்கமாகப் பறந்தேன். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் இடுப்பில் அத்தனை இரும்போடு நீந்திப் பார்த்ததில்லை. அக்கா "ஐயோ" என்று கத்தியது கேட்டது. அந்த நொடியில் இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. திட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்பு ஆங்கிளில் பெல்ட் வளையம் மாட்டிக்கொண்டது. தொங்கியது கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் பைப்பைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

திரும்பத் திட்டில் ஏறி மோட்டாருக்குக் கயிறு மாட்டிக் கொடுத்தேன். நனையாமல் மேலே போய்ச் சேர்ந்தது. வளையத்தைப் பார்த்தால், துணி நைந்திருந்தது, தையல் அப்படியே இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சாமான் பெல்ட் ஆளைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. எனக்கு அன்றைக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் வடக்கயிறு கட்டாமல் நான் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை. மேலே வந்ததும் மோட்டார் தப்பித்ததே என்று சிரித்தேன். சொம்பு நிறைய மோரை நீட்டிய அக்கா சிரிக்கவில்லை.

"மோட்டாரு முழுகுனா காயில் கட்டிக்கலாமுங்க. மெக்கானிக்கு முழுகுனா என்னத்தக் கட்டறதுங்க?"

ஊரெல்லாம் பெல்ட்

விஷயம் பரவிவிட்டது. கேபிள் டிவி இழுக்கிறவர் வந்தார், தென்னை ஏறுகிறவர் வந்தார், போர்வெல் வண்டி ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் கடையில் குந்தச் சொல்லி, ஸ்டூலில் ஏறச் சொல்லி, அதற்கப்புறம்தான் பாய் ஊசியைத் தொட்டார். சீட் கவர்களுக்கு நடுவே பெல்ட்டுகளும் தொங்கின. இடுப்பில் வார் கட்டிய குதிரை என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்த இன்னொரு மெக்கானிக் நடராசும் ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சுற்றி வளைத்து மழையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"எனக்கும் ஒண்ணு தெக்கச் சொல்லுங்க. பக்கிளு மாட்டற ஓட்ட ரெண்டு சேத்திப் போடச் சொல்லுங்க, எங்க ஊட்டுல சமையலு கொஞ்சம் நல்லாருக்குமுங்க."

கிணற்றில் இறங்குகிறவன் எதைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் சரி, மேலே ஏறி வந்து அதைக் குறை சொல்ல முடிகிறதென்றால் அது நல்ல பெல்ட்தான்.