பெயர் சொல்லாத ஜெபம்

வருவாய்த் துறையில் காலமெல்லாம் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும்: பெயர் குறிப்பிடாத புகார் மனுவில்தான் ஆள் யார் என்பது எல்லோருக்கும் உடனே விளங்கும். ஜெபத்துக்கும் இது பொருந்தும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். கற்றது நான், நஷ்டம் இன்னொரு வீட்டுக்கு.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீடு மாற்றி வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதபாடம், பிறகு ஜெபக்குறிப்பு. அதாவது, யாருக்காக என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வது. அதை வைத்து ஒருவர் எல்லோருக்காகவும் ஜெபிப்பார். கடைசியில் சுண்டல், காபி. பெரும்பாலும் ஜெபிப்பது நான்தான். பக்தி அதிகம் என்பதால் அல்ல. எத்தனையோ அறிக்கைகள் எழுதிய கை. முன்னுரை, பொருள், பரிந்துரை என்று தானாக அமைந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்தினால் 'ஆமென்' விழும் என்பதும் அத்துப்படி.

சென்ற ஆண்டு, போதகர் கிராமத்துச் சபைகளுக்குப் போகும் ஞாயிறுகளில் பிரசங்கம் செய்ய ஒருவரை அவர் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அவர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. எனக்கு அப்படிப்பட்ட ஆசையெல்லாம் இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ரிட்டயர் ஆனப்புறமும் ப்ரமோஷனுக்கு அலையற ஒரே ஆளு நீங்கதாங்க."

அந்தச் சமயத்தில்தான், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, சபைச் சகோதரி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கணவர் இறந்தபின் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சொந்த நிலத்தைத் தானே நின்று பார்த்துக்கொள்பவர். ஒரே மகன் சிங்கப்பூரில். அவனுக்கு மயிலாடுதுறையில் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

"அண்ணா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். தம்பிக்கு வேலை போயிடுச்சு. அடுத்த வாரம் வர்றான். வந்ததும் பொண்ணு வீட்டுக்கு நாங்களே நேர்ல போயி சொல்லிக்கறோம். கூட்டத்துல வேணாம். நீங்க தனியா ஜெபம் பண்ணிக்கங்க."

"கவலைப்படாதீங்கம்மா" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போதகரே வந்திருந்தார். அவர் மகனுக்குப் பேசிய பெண்ணின் சித்தி எங்கள் தெருவில்தான் இருக்கிறார்; வழக்கம்போல ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பதை மறந்துவிட்டேன் என்று எழுதலாம், கேட்பதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் மறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும், ஒருவருக்குச் சர்க்கரை குறைய வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே போனவனுக்கு, உருக்கமாக முடிக்க ஒன்று தேவைப்பட்டது. "கடல் கடந்து போய், வேலையை இழந்து, வெறுங்கையோடு திரும்பும் ஒரு விதவைத் தாயின் ஒரே மகனை நினைத்தருளும், ஆண்டவரே" என்றேன். குரல் சரியான இடத்தில் தழுதழுத்தது. இரண்டு பேர் விம்மினார்கள்.

கண்ணைத் திறந்தபோது அந்தச் சகோதரி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் அந்த வருணனைக்குப் பொருந்தும் விதவை ஒருவர்தான். சுண்டல் வருவதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். போதகர் என் கையைப் பிடித்து, "அருமையான ஜெபம் சார்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் காதில் விழுந்தது.

சம்பந்தம் நின்றுபோனது. "வேலை போனதுக்காக இல்லியாம். மறைச்சுட்டாங்கன்னுதானாம்" என்று என் மனைவி சொன்னாள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் பிடித்துப் போனேன். வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் வரப்பில் நின்றிருந்தார், பக்கத்தில் மகன். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "நான் பேரச் சொல்லலம்மா."

"ஆமாண்ணா. பேரு ஒண்ணுதான் சொல்லல."

மகன் சேற்றுக்காலோடு மரியாதையாக நின்றான். "புதன்கிழமை போறதா இருந்தோம் அங்கிள். நானே சொல்லியிருப்பேன்."

அதன் பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். "மன்னிச்சேன்னு சொல்லணும்ல, வேதக்காரங்க நாம. சொல்லிட்டேன். மனசு வர்றதுக்கு நாளாவும்." சற்று நேரம் நடவாட்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன். நான் சொன்னேன்ல, தனியா ஜெபம் பண்ணுங்கன்னு. பண்ணீங்களா, வீட்டுல?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம், சரிபார்க்க வழியில்லை. "இல்லம்மா" என்றேன். அவர் மகனிடம் நாற்றுக்கட்டை எடுத்துப் போடச் சொன்னார்.

மறுநாள் போதகரிடம் போய் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "தப்பு செய்யாதவங்க யாரு சார்? இந்தத் தாழ்மைதானே தகுதி" என்றார். எனக்குள் சட்டென்று ஒரு சந்தோஷம் எழுந்தது. விலகுவதே பரிந்துரையாகிவிடும் போலிருந்தது! அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் பயந்தேன். "ஐயா, அன்னிக்கு அந்த ஜெபத்த நான் ஆண்டவருக்குச் சொல்லல. உங்களுக்குச் சொன்னேன், இந்த வேலைக்காக" என்றேன். அவர் மேசையில் இருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி சார், எடுத்துடறேன்" என்றார்.

இப்போது காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பையனுக்காக ஜெபிக்கிறேன். வாக்கியம் அழகாக ஆரம்பிக்கும். நிறுத்திவிட்டு, "அவனுக்கு ஒரு வேலை கொடும்" என்று மட்டும் சொல்கிறேன். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி எதையாவது கேட்க வேண்டும். கேட்க வாய் வருவதில்லை. முழங்கால் வலிக்கும்வரை அப்படியே இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.