மூன்றாவது புள்ளடி

எங்கள் வீட்டுக் குசினி லாச்சியை இழுத்தால் உள்ளே ஒரு மரக்கரண்டி கிடக்கும். அதன் நுனியில் நாய்ப் பல் பதிந்த மூன்று குழிகள். அதை எடுத்துக் கறி கிண்டக்கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட சட்டம். மனைவி சிரிப்பாள், ஆனாலும் தொடமாட்டாள். அது என்னோடு தேர்தலில் நின்ற ரீச்சருடைய கரண்டி. தேர்தல் காலத்தில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போடுகிறவர்களுக்கு லண்டனில் ஒரு பயம் உண்டு. கதவில் கடிதம் போடும் துவாரத்துக்குள் விரலை விட்டால், உள்ளே நிற்கும் நாய் கவ்விவிடும். ரீச்சர் விரலை விடமாட்டார். பிரசுரத்தை இந்தக் கரண்டியால் உள்ளே தள்ளுவார். நான் ஏதாவது ஒரு வாசலில் என் சொந்தக் கதையைத் தொடங்கி நிறுத்தாமல் நின்றால், அதே கரண்டியின் காம்பால் என் விலாவில் ஒரு குத்து விழும். "காணும் அண்ணை, இன்னும் அரைவாசி ரோட்டுக் கிடக்கு" என்பார்.

என் கதை அப்படி நிறுத்தக்கூடிய கதையும் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு தோள்பையோடு வந்து, பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்து, பிறகு தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடை, அது மூன்று கடை. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வேண்டுமென்றால் சட்டனிலிருந்தும் என்னிடம் பஸ் ஏறி வந்தார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், சரிதான், பெருமைதான். ரீச்சர் மன்னாரில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிக்கவார்த்துச் சாப்பாடு வாயில் தீத்துகிற வேலை. என்றாலும் எங்கள் ஆட்கள் யாரும் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை.

எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். வாக்காளர் ஒருவர் மூன்று பெயருக்கு நேரே புள்ளடி, அதுதான் X அடையாளம், போடலாம், கூடிய வாக்கு எடுக்கும் முதல் மூன்று பேர் உள்ளே போவார்கள். முதல் தடவை எங்கள் கட்சி நிறுத்திய மூவர், பல காலமாகக் கவுன்சிலராக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், ரீச்சர், நான். பெரியவர் வென்றார். ரீச்சர் நாலாவது. நான் ஆறாவது. கடை திறந்த நாளிலிருந்து ஆறாவதாக வந்து எனக்குப் பழக்கமில்லை. ரீச்சருக்கு அந்தக் கவுன்சிலர் கதிரை ஒரே ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. அவர் வேலை செய்த இல்லத்துக்கு முன்னால் பெரிய ரோட்டு, அதற்கு அந்தப் பக்கம் பூங்கா. வயதானவர்கள் யன்னலில் இருந்து பூங்காவைப் பார்ப்பார்கள், ரோட்டைக் கடக்கமாட்டார்கள். அங்கே ஒரு பாதசாரிக் கடவை வரவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதிரை எதற்கு என்று கேட்டால், நாலு பேர் என்னைக் கவுன்சிலர் என்று கூப்பிடவேண்டும். அதற்குத்தான்.

இரண்டாம் தடவை நான் ஒரு கணக்குப் போட்டேன். என் வாடிக்கையாளர் ரீச்சருக்குப் போடுகிற ஒவ்வொரு புள்ளடியும் அவரை எனக்கு மேலே தூக்கும். ஆகவே கடையிலும் கோயில் வாசலிலும் ஒவ்வொருவர் காதிலும் சொன்னேன். "ஒரு புள்ளடி மட்டும் போடுங்கோ. எனக்கு. மற்றப் பெட்டியள் வெறுமையாய் இருக்கட்டும். மற்றவைக்குப் போட்டால் அது என்ரை வாக்கைத் தின்னும்." அதே கிழமைகளில் ரீச்சர் சேர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடம், "மூண்டையும் போடுங்கோ, அண்ணையை மறந்திடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னதை மாற்றவில்லை.

வாக்கு எண்ணுவது மறுநாள் பகலில், ஒரு விளையாட்டு மண்டபத்தில். வேட்பாளர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. ஒரே கட்சிக்கு மூன்று புள்ளடியும் விழுந்த தாள்களை ஒரு கட்டாக வைத்தார்கள். மிச்சத்தைத் தனியே விரித்தார்கள். விரித்த தாள்களில் ஒன்றன்பின் ஒன்றாக என் பெயருக்கு நேரே ஒரே ஒரு புள்ளடி, மற்றதெல்லாம் வெள்ளை. ரீச்சர் எனக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "உங்கடை கடைக்கு வாற சனம் வலு சிக்கனம் அண்ணை" என்றார். பெரியவர் முதலாவது, மற்றக் கட்சிக்காரர் ஒருவர் இரண்டாவது, நான் மூன்றாவது. ரீச்சர் நாலாவது. எனக்கும் அவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவருடைய சனம் போட்ட புள்ளடி என்னைத் தூக்கியது, என் சனம் வெறுமையாக விட்ட பெட்டி அவரை இறக்கியது. "வாழ்த்துகள் கவுன்சிலர்" என்று முதலில் கை தந்தவரும் அவர்தான். எவ்வளவோ ஆசைப்பட்ட சொல். அதைக் கேட்டபோது எனக்குக் குனிந்து சப்பாத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

சபைக் கூட்டத்துக்கு வருகிற காகிதக் கட்டு ஒரு செங்கல் உயரம் இருக்கும். எனக்கு அது வாசிக்க வராது. ரீச்சர் சனிக்கிழமைகளில் வேலை முடிந்து கடையின் பின்னறைக்கு வந்து, அரிசி மூட்டை மேல் குந்தியிருந்து வாசித்து, தமிழில் எனக்குச் சொல்லித் தந்தார். நான்கு வருடமும் சொல்லித் தந்தார். கடவை வேண்டுமென்று நான் சபையில் பேசிய முதல் பேச்சு, அவர் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தது. நன்றாகத்தான் பேசினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் கடவை வரவில்லை. பின்னறையில் எத்தனையோ சனிக்கிழமை அந்தப் புள்ளடிக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வெங்காய விலைதான் வந்தது.

மூன்றாம் தேர்தல் வந்தது. இம்முறை மூன்று புள்ளடியும் என்று சொல்வதாக முடிவெடுத்தேன். சொல்வது இலேசாக இருக்கவில்லை. முதல் வீதியிலேயே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன முறை ஒண்டு எண்டனீர். இந்த முறை மூண்டு எண்டுறீர். அடுத்த முறை ஆறோ?"

"போன முறை நான் சொன்னது பிழை ஐயா."

"என்ன பிழை? நீர் வெண்டனீர்தானே."

"நான் வெண்டன். ரீச்சர் தோத்தவ. நான் அப்பிடிச் சொன்னபடியால்தான் தோத்தவ. அவ தன்ரை ஆக்களிட்டை எனக்கும் போடச் சொன்னவ."

பக்கத்து வீட்டுப் படலையில் ரீச்சர் பிரசுரத்தோடு நின்றார். தபாலதிபர் கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். "அப்ப அந்த மனிசிக்குப் போடுறன்" என்று கதவைச் சாத்தினார். ரீச்சர் என்னிடம் வந்தார். விலாவில் குத்து விழும் என்று நின்றேன். விழவில்லை. கரண்டியை என் கையில் வைத்தார். "அடுத்த வீட்டிலை நாய் நிக்குது. நீங்கள் வைச்சிருங்கோ." அந்த நாயின் பல்தான் கரண்டியில் இருப்பது. வீதி முடிந்ததும் கரண்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் ஒவ்வொரு வாசலிலும் அதே வசனத்தைச் சொன்னேன், நான் செய்தது பிழை என்று. கடையில் ஒருநாளும் வாயில் வராத வசனம்.

எண்ணும் மேசையில் திரும்பவும் ஒற்றைப் புள்ளடித் தாள்கள் வந்தன. இம்முறை ரீச்சரின் பெயருக்கு நேரே. மூன்று போடலாம் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஒன்றுதான் போடவேண்டும் என்று முன்பு நான் பழக்கியது மனதில் பதிந்துவிட்டது. அந்த ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ரீச்சர் முதலாவது. நான் நாலாவது, வெளியே.

"என்னண்ணை செய்து வைச்சிருக்கிறியள்" என்று ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் மூண்டு எண்டுதான் சொன்னனான் ரீச்சர்."

"ஓம் அண்ணை. ஒவ்வொரு வாசலிலையும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்."

ஒரு வட்டாரத்துக்கே வாக்குப் போடப் பழக்கியவன் நான். பிழையாகப் பழக்கினாலும் ஒருவரும் மறக்கவில்லை. தோற்ற அன்று போல நான் என்றும் நிமிர்ந்து வீட்டுக்குப் போனதில்லை. ரீச்சர் சபைக்குப் போன இரண்டாம் வருடம் கடவை வந்தது.

போன மாரியில் ரீச்சர் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு மகள்தான் கரண்டியைக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா அங்கிளிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்றாள். இந்தத் தேர்தலன்று அதைக் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டு வாக்குப் போடப் போனேன். கடவையில் கால் வைக்க, பெரிய பஸ் ஒன்று எனக்காக நின்றது. தாளில் தெரிந்த பெயர் ஒன்றும் இல்லை. இரண்டு புள்ளடி போட்டேன். மூன்றாவதை ரீச்சருக்காக வெறுமையாக விடுவோம் என்று நினைத்து, நூலில் கட்டியிருந்த பென்சிலைக் கீழே வைக்கக் குனிந்தேன். கரண்டிக் காம்பு விலாவில் குத்தியது. பென்சிலைத் திரும்ப எடுத்தேன்.