படகில் சுமந்த பெட்டி

அமெரிக்காவில் எங்கள் பிஸ்கட்டவே வீட்டு டிவியில், விருந்துக்கு வந்த நண்பர் குடும்பத்துக்கு என் கணவர் படம் காட்டிக்கொண்டிருந்தார். போன அக்டோபரில் நாங்கள் இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒரு வாரம் படகு ஓட்டிய படங்கள். மஞ்சள் இலைகளும் வாத்துகளும் போய், கையுறையும் மாஸ்க்குமாக நான் ஒரு பெட்டியைச் சுமந்து கரையில் நடக்கும் படம் வந்தது.

"அது படகு டாய்லெட்டோட பெட்டி. நாமளே எம்ப்டி பண்ணணும். எனக்கு வாமிட் வரும்னு இவளே பண்ணிட்டா," என்றார் கணவர்.

"ஆன்ட்டி, தட்ஸ் சோ க்ரோஸ்," என்று முகத்தைச் சுளித்தாள் நண்பரின் மகள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டியின் நாற்றம் எனக்குச் சின்ன வயதிலேயே பழகியது. சிதம்பரத்தில் எங்கள் கொல்லைச் சந்தில் தினமும் காலையில் ஒரு பெண் வருவாள். கக்கூஸின் பின்பக்கத் தகரத்தைத் தூக்கி, வெறுங்கையால் வழித்து வாளியில் அள்ளுவாள். "அவ வந்துட்டா, உள்ள வாடி" என்று அம்மா கதவைச் சாத்துவாள். ஒரு தீபாவளிக்கு அவளுக்கு முறுக்கு கொடுக்கச் சொன்னாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கை படாமல் உயரத்திலிருந்து போட்டேன். பாதி சாக்கடையில் விழுந்தது. "நல்லா இரு பாப்பா" என்று மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றேன். கணவர் அடுத்த படத்துக்குப் போனார்.

அன்று கால்வாய்க் கரையில் நாயோடு எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரி, பெட்டியில் இருப்பது என்னவென்று தெரிந்தும், நின்று குட்மார்னிங் சொல்லி என் பெயரைக் கேட்டாள்.

பத்து வருடம் எங்கள் மலத்தை அள்ளியவளின் பெயர் எனக்குத் தெரியாது.