ஏழாம் நம்பர் அறையைக் கழுவியவள்

எல்லம்மாள் போன மாதம் செத்துப்போனாள். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே என் அச்சாபீஸ் வாசலில் நாலு பேர். "அப்பாதுரை, கடைசியில கொன்னது யாருய்யா? அதையாச்சும் இப்ப எழுது" என்கிறார்கள். எனக்குத் தெரியாது. போலீஸுக்கும் தெரியாது. கொன்றவனுக்குத் தெரியும், அவன் எங்கோ சௌக்கியமாகத்தான் இருப்பான். தெரியாத ஒரு கதையை வைத்துக்கொண்டு இந்த ஊர் பதினாறு வருஷம் வயிறு வளர்த்தது. அதில் முதல் வயிறு என்னுடையது. கொலையாளியைத் தேடி வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அவள் வேங்கிக்கால் பக்கத்துக்காரி. ஜட்கா வண்டி ஓட்டும் கருப்பனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள். தேர் வீதியில் ரங்கூன் சத்திரம் என்று ஒன்று உண்டு. ரங்கூனில் அரிசி விற்றவர் கட்டியது. அங்கே பெருக்குவது, தண்ணீர் இறைப்பது, தரை கழுவுவது அவள் வேலை. அவள் கழுவிய தரையில் இலை போடாமலே சோறு சாப்பிடலாம் என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவளுக்கு அன்றைக்கெல்லாம் சிரித்த முகம்தான். அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

1953, தீபத் திருவிழா ஐந்தாம் நாள். காஞ்சிபுரத்திலிருந்து பாகம்பிரியாள் என்ற அம்மாள் ஏழாம் நம்பர் அறைக்கு வந்து இறங்கினாள். கூட ஒரு ஆள். நோட்டில் 'தம்பி' என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை எல்லம்மாள் வாசல் பெருக்கப் போனபோது கதவு திறந்து கிடந்தது. பாகம்பிரியாள் கழுத்தறுபட்டுப் பாயில் கிடந்தாள். தம்பியைக் காணோம். ஆனால் நகை ஒரு குன்றிமணிகூடப் போகவில்லை. நகை போயிருந்தால் ஊர் ஒரு மாதத்தில் மறந்திருக்கும். போகாததால்தான் பைத்தியம் பிடித்தது.

இந்த ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரனுக்காகச் சொல்கிறேன். சாமி வரும் வீதியில் பிணம் கிடந்தால் உலா அந்த வழியாக வராது. பிணத்தை எடுத்து, வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் மேளம் அசையும். அன்றைக்கு ஆறாம் நாள், அறுபத்து மூவர் உலா. மேளக்காரர்கள் கோபுர வாசலில் ஆயத்தமாக நின்றிருந்தார்கள்.

சத்திரத்து மணியக்காரர் சம்பந்தமூர்த்தி ஓடி வந்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, அவ்வளவு சாது. "எல்லம்மா, சாமி வர நேரம். நான் ஆளை விட்டு பின்பக்கம் தூக்கச் சொல்லிட்டேன். நீ ரூமைக் கழுவிடு, சீக்கிரம்" என்றார். திருவிழாவுக்கு வந்த இரண்டு கூலிகள் பாயோடு தூக்கிக்கொண்டு போய் நந்தவனத்தில் போட்டார்கள். இவள் எட்டுக் குடம் தண்ணீர் இறைத்துக் கழுவினாள். சாணி கரைத்துத் தெளித்தாள். மூலையில் கிடந்த பித்தளைச் செம்பில் ரத்தக் கை பட்டிருந்தது, அதையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். சாமி வந்தது. சம்பந்தமூர்த்தி வாசலில் நின்று கற்பூரம் காட்டிவிட்டு விபூதி வாங்கிக்கொண்டார். போலீஸ் வந்தது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

வேலூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அந்தச் செம்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாராம். "யார் கழுவச் சொன்னது?" என்று கேட்டார். எல்லம்மாள் மணியக்காரரைக் கை காட்டினாள். அவர் அதே சாதுவான குரலில், "நான் கோபுர வாசல்ல சாமி பாத்துக்கிட்டு இருந்தேங்க. இவ ஏன் கழுவினான்னு எனக்குத் தெரியலீங்க" என்றார். தூக்கிய கூலிகள் அதற்குள் கூட்டத்தில் கரைந்துவிட்டார்கள். எல்லம்மாளைப் பதினோரு நாள் வைத்து விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவள் மேல் வழக்கு எதுவும் இல்லை, போ என்று விட்டுவிட்டார்கள். அந்த அளவில் கேஸ் முடிந்தது. ஊருக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

ஆரம்பித்து வைத்தவன் நான். போளூர்ப் பக்கத்திலிருந்து தருமன் என்று ஒருவன் வருவான். கையில் டேப் என்கிற சின்னத் தோல் வாத்தியம். எங்கே கொலை நடந்தாலும் அதைப் பாட்டாகக் கட்டி, சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாடி, எட்டுப் பக்கப் புத்தகமாக விற்பான். கொலைச் சிந்து என்பார்கள். அச்சடிப்பது நான். அவன் கொண்டுவந்த தாளில் 'மணியக்காரர் சொல்ல, வேலைக்காரி கழுவ' என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். எல்லம்மாளிடமே கேட்டு எழுதினானாம். நான் பேனாவை எடுத்து மணியக்காரரை அந்த வரியிலிருந்து அடித்துவிட்டேன்.

"அவர் வக்கீல் வெச்சு நம்ம ரெண்டு பேரையும் கோர்ட்டுக்கு இழுப்பாருய்யா" என்றேன்.

"பேரே இல்லாம பாட்டு நிக்காதுங்களே" என்றான் தருமன்.

"அப்ப எல்லம்மான்னு போடு. அவ என்ன பண்ணப் போறா?"

இவ்வளவுதான் நடந்தது. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. 'எட்டுக் குடம் நீரெடுத்தாள் எல்லம்மாள், ரத்தம் ஒரு சொட்டும் விடாமல் துடைத்தாள் எல்லம்மாள்' என்று தருமன் பஸ் ஸ்டாண்டில் எடுத்துவிட்டான் பாருங்கள், திண்டிவனம் போக வேண்டியவன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றான். ஆயிரம் பிரதி நாலு நாளில் காலி. மறுபடி அடித்தேன். அடுத்த பதிமூன்று வருஷமும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

முடி வெட்டும் கடையில் ஒரு முடிவு, வாத்தியார்கள் கூடும் இடத்தில் ஒரு முடிவு. தம்பி இல்லை கள்ளப் புருஷன் என்பான் ஒருவன். சொத்துத் தகராறு என்பான் இன்னொருவன். எந்தக் கதையானாலும் அதில் எல்லம்மாளுக்கு ஒரு வேடம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டவள், கத்தியை மறைத்தவள், கூலி வாங்கியவள். தெருப் பிள்ளைகள் எல்லம்மா ஆட்டம் ஆடினார்கள். ஒருத்தி செத்தவள் மாதிரிப் படுத்துக்கொள்வாள், ஒருத்தி கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றித் துடைப்பாள், மற்றதெல்லாம் குடத்தை எண்ணும். எட்டு வந்ததும் கை தட்டுவார்கள். கருப்பன் வண்டியில் ஏறுகிறவர்கள் இவன்தான் எல்லம்மா புருஷனா என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அவன் ஒரு நாள் திருக்கோவிலூர்ப் பக்கம் சவாரி போனான், வண்டியோடு போனவன்தான்.

அவள் ஏன் அதே சத்திரத்தில் கிடந்தாள் என்று கேட்பீர்கள். வேறு எவன் அவள் கையில் துடைப்பம் கொடுப்பான்? மணியக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியவான் என்று பேர். நிறுத்துவாரா, ஏழாம் நம்பர் அறையைக் கேட்டு வருகிறவர்களுக்கு அவளும் சேர்ந்தால்தானே முழுக் காட்சி. மெட்ராஸ்காரர்கள் வருவார்கள், சேலம்காரர்கள் வருவார்கள், ரமணாசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் போட்டோகூட எடுத்தான். சுவரைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காரை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. "எந்த எடத்துலம்மா ரத்தம்?" என்பார்கள். அவள் இடத்தைக் காட்டிவிட்டு, "மணியக்காரர் கழுவச் சொன்னாரு, கழுவினேன்" என்பாள். எத்தனை தரம் கேட்டாலும் அந்த ஒரே வார்த்தை. கேட்டவர்களுக்கு முகம் சப்பென்று ஆகிவிடும். பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி அவள் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தொட்டாள். தொட்டுவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டில் ஒரு நாள் அவளே அச்சாபீஸுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஐயா, அந்தப் பாட்டுலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

"அது எப்படிம்மா முடியும். ஊர் பூரா பாடுது."

"அப்ப அவரு பேரையும் சேத்துப் போடுங்க. அவரு சொன்னாரு, நான் செஞ்சேன். ஜாஸ்தி வேணாம், நடந்தது மட்டும் போடுங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "அவர் வாயால நாலு பேர் முன்னால சொல்லட்டும், மறுநாளே அடிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் மணியக்காரர் பூஜை முடித்து வரும்போது எதிரில் போய் நிற்பாள். "ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். எட்டு வருஷம் இப்படி. அவளுக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அறுபத்தாறில் மணியக்காரர் சத்திரத்திலேயே படுக்கையில் விழுந்தார். நீர் கோத்துக்கொண்டு உடம்பு ஊதிவிட்டது. கார்த்திகை பிறந்து இரண்டு நாள், கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மகன் உமாமகேஸ்வரனை விட்டு வீதிப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். எல்லம்மாள் தூணோரம் துடைப்பத்தோடு நின்றாள்.

"நான்தான் கழுவச் சொன்னேன்" என்றார். மூச்சு வாங்கியது. "சாமி வர நேரம்னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. போலீஸுக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன்."

நான் எல்லம்மாளைப் பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பதிமூன்று வருஷத்தில் அவள் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அந்த அரை நிமிஷம்தான். அதற்குள் வீதிப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, போற நேரத்துல ஒரு வேலைக்காரி பழியைத் தன் தலையில போட்டுக்கிறாரு. இப்படி ஒரு மனுஷன் உண்டா?" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மணியக்காரர் இல்லை இல்லை என்று கையை அசைத்தார். மகன் அவர் வாயில் தண்ணீர் ஊற்றி, "பேசாதீங்கப்பா, எங்களுக்குத் தெரியும்" என்றான்.

தருமன் திருவிழாப் புத்தகத்துக்காக வந்தபோது நடந்ததைச் சொன்னேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். "எல்லம்மா நல்லவன்னு போட்டா எவன் வாங்குவான்? அந்தப் பெரியவரு சொன்னாரு பாருங்க, அது பாட்டு" என்றான். இரண்டாம் பாகம் கட்டினான். 'மணியக்காரர் கருணை' என்று தலைப்பு. என் கையாலேயே எழுத்துக் கோத்தேன். நான்தான் கழுவச் சொன்னேன் என்ற அவர் வார்த்தை உள்ளே இருக்கிறதே, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடியேற்றத்தன்று அது விற்பனைக்கு வந்தது. எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காது இருந்ததே.

திருவிழா மூன்றாம் நாள் காலை மணியக்காரர் செத்துப்போனார். சாமி புறப்பட்டாகிவிட்டது. அவசர அவசரமாகப் பாடை கட்டிப் பின்பக்கமாக எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். கழுவ எல்லம்மாளைத் தேடினால், கிணற்றடியில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"எல்லம்மா, சாமி வீதி திரும்பிட்டாரு. எந்திரிச்சுக் கழுவு" என்றான் உமாமகேஸ்வரன்.

"கழுவறேன் சாமி. யாரு கழுவச் சொன்னதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

"நோவுல செத்தவருக்கு என்னடி சீட்டு? போலீஸா வரப் போவுது?"

"அன்னிக்கும் அவசரம்னுதான் சொன்னாங்க. எழுதிக் குடுங்க, கழுவறேன்."

திட்டினார்கள். சாமியையே நிறுத்தறியா, நீ உருப்படுவியா என்றார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேளம் வீதி முனையில் நின்றுபோயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நீங்க எழுதறவருதானே. நீங்க எழுதுங்க. இவங்கதான் எல்லம்மாளைக் கழுவச் சொன்னாங்கன்னு. அது போதும் எனக்கு."

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்கள், திருவிழா நோட்டீஸ் கொடுப்பவர்கள், நாளைக்கும் என் கடைக்கு வர வேண்டியவர்கள்.

"சாமி வர நேரம், எல்லம்மா. கழுவிடு" என்றேன்.

அவள் எழுந்து குடத்தை நிமிர்த்தினாள். அந்த மடங்காத விரல்களால் கயிற்றைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை, தோளால் முட்டுக்கொடுத்து இழுத்தாள். முதல் குடத்தை ஊற்றியதும் வாசலில் யாரோ ஒண்ணு என்றார்கள். ரெண்டு என்று நாலைந்து குரல் சேர்ந்தது. அப்புறம் கூட்டமே எண்ணியது. எட்டாவது குடத்துக்குக் கை தட்டினார்கள். சாமி வந்தது, நானும் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் யாரிடமும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ரத்தம் எங்கே என்று கேட்டால் இடத்தை மட்டும் காட்டுவாள்.

1953-ல் அவளைக் கழுவச் சொன்னவர் மணியக்காரர் சம்பந்தமூர்த்தி. 1966-ல் சொன்னவன் நான், அப்பாதுரை. அவள் கேட்ட சீட்டு இதுதான். வாங்கிக்கொள்ள அவள் இல்லை.